லேடீஸ் டப்பாவுக்கு ஒரு பேனாக்கத்தி

1

பம்பாய்க்கு வந்து இந்தத் தை மாதத்தோடு பன்னிரண்டு வருடம் முடிகிறது. நம் ஊர் வாசகசாலை மலருக்குப் பம்பாய் வாழ்க்கையைப் பற்றி நாலு பக்கம் எழுதி அனுப்பும்படி தம்பி முருகேசன் கேட்டிருந்தான். கடல், மாடி பஸ், சினிமா நடிகர்களின் பங்களா என்று எதைப் பற்றியெல்லாம் எழுதலாம் என்றும் அவனே யோசனை சொல்லியிருந்தான். நான் கடலைப் பார்த்து ஒன்றரை வருடமாகிறது. நடிகர்களின் பங்களா எந்தத் திசையில் இருக்கிறது என்றுகூடத் தெரியாது. இந்த நகரத்தில் எனக்கு நன்றாகத் தெரிந்த விஷயம் ஒன்றுதான். தினமும் கைப்பையில் கொண்டுபோக ஒரு சின்னக் கத்தியை எப்படிப் பார்த்து வாங்குவது என்று கேளுங்கள், சொல்கிறேன். போன வருடம் என் கத்தியால் ஊர் வரைக்கும் ஒரு கலவரம் வந்து ஓய்ந்தது அல்லவா, அதன் உண்மையான விவரமும் இதிலேயே வந்துவிடும்.

என்னை மறந்துபோனவர்களுக்காக: நான் சந்திரா. கல்யாணமாகி அம்பாசமுத்திரத்திலிருந்து நேரே செம்பூருக்கு வந்தவள். வீட்டுக்காரருக்கு இங்கே ஒரு தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை. ஓர் அறையும் சமையற்கட்டுமாக வீடு. ஒரே மகள் உமா, ஐந்தாம் வகுப்பு. அவள் பள்ளிக்கூடம் போகத் தொடங்கியபின், ஊரில் கற்ற டைப்பிங் கைகொடுத்து, ஃபோர்ட் பக்கம் கப்பல் ஏஜெண்ட் ஒருவரின் ஆபீசில் எனக்கு வேலை கிடைத்தது. ஆறு மணிக்கு ஆபீசை விட்டு ஓடினால் ஆறே கால் மான்குர்த் வண்டியைப் பிடிக்கலாம். ஏழு மணிக்கு வீடு. வீட்டில் இரண்டு பேர் பசியோடு என் பையைப் பார்ப்பார்கள்.

2

அந்த வண்டியில் பெண்களுக்கென்று தனிப்பெட்டி உண்டு. லேடீஸ் டப்பா என்பார்கள். வண்டி இரண்டு ஸ்டேஷன் தாண்டுவதற்குள் மடிகளில் பழைய செய்தித்தாள் விரிந்துவிடும். பைகளிலிருந்து பீன்ஸ், வெண்டைக்காய், வெந்தயக்கீரை எல்லாம் வெளியே வரும். ஒருத்தி கீரை ஆய்வாள், ஒருத்தி பட்டாணி உரிப்பாள், கத்தி உள்ளவர்கள் நறுக்குவார்கள். குர்லா வருவதற்குள் பாதிப் பெட்டியின் ராத்திரிச் சமையலுக்கு வேண்டியது தயார். வீட்டுக்குப் போய் அடுப்பில் ஏற்ற வேண்டியதுதான்.

முதல் வாரம் நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு இதை வேடிக்கை பார்த்தபடி நின்றேன். இரண்டாம் வாரம் சுமன்தாயி என் முந்தானையைப் பிடித்து இழுத்து, மூன்று பேர் உட்காரும் பலகையில் நான்காவதாக என்னைத் திணித்தாள். தபால் ஆபீசில் வேலை பார்க்கும் மராட்டிக்காரி, ஐம்பதை நெருங்கும் வயது. தாயி என்றால் அக்கா. பெட்டி முழுவதுக்கும் அவள்தான் அக்கா. என் மடியில் ஒரு குவியல் கொத்தவரங்காயைக் கொட்டி, தன்னிடம் உபரியாக இருந்த கத்தியையும் கொடுத்தாள். பார்க்கிற கண்ணுக்குப் பதில் கை வேலை செய்யட்டும் என்று அவள் சொன்னது அரைகுறையாகப் புரிந்தது.

எனக்குக் கத்தி பிடித்து நறுக்கத் தெரியாது. நான் அரிவாள்மணைக்காரி. அரிவாள்மணையில் வெட்டுவாய் அசையாது, காயைத்தான் நாம் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். இங்கே கத்தியும் அசைந்தது, காயும் அசைந்தது, அடியில் ரயிலும் அசைந்தது. முதல் நாளே கட்டைவிரலை வெட்டிக்கொண்டேன். ஒரு மாதத்தில் தேறிவிட்டேன். வடாலா வருவதற்குள் அரைக் கிலோ கொத்தவரங்காயை, பேசிக்கொண்டே, கீழே பார்க்காமல் நறுக்குமளவுக்குக் கை பழகியது.

அந்தப் பெட்டியில் இது என் காய், அது உன் காய் என்று கிடையாது. ஒருத்தி தலைவலி என்று கண்ணை மூடினால், அவள் இறங்கும்போது அவள் பையில் நறுக்கிய காய் இருக்கும். கத்தி விஷயத்தில் மட்டும் சுமன்தாயி கண்டிப்பு. இரவல் கத்தி பழகும் வரைக்கும்தான். பழகிய பிறகு அவரவர் கத்தி அவரவர் பையில் இருக்க வேண்டும். எனக்குக் கொடுத்த கெடு முடிந்துவிட்டதாக ஒருநாள் அறிவித்தாள்.

3

முதல் கத்தியை ஸ்டேஷனுக்கு வெளியே நடைபாதையில் வாங்கினேன். மீன் வடிவத்தில் பச்சைப் பிளாஸ்டிக் பிடி. அதற்குள் சோடா மூடி திறக்க ஒன்று, நகம் ராவ ஒன்று, திருப்புளி ஒன்று, என்னவென்றே தெரியாத சுருள்கம்பி ஒன்று என ஆறு சாமான்கள் மடங்கிக் கிடந்தன. ஆறில் எதுவும் வெண்டைக்காயை வெட்டவில்லை. நசுக்கியது. அத்தோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. மடக்கு தளர்ந்து பைக்குள் தானாகத் திறந்துகொண்டு, பையின் உள்துணியைக் கிழித்து, என் ரயில் பாஸை நட்டநடுவில் இரண்டாக்கிவிட்டது. இரண்டு துண்டையும் சேர்த்துப் பிடித்து டிக்கெட் பரிசோதகரிடம் காட்டினேன். இரண்டு அரைப் பாஸ் சேர்ந்து ஒரு முழுப் பாஸ் ஆகாது என்றார். மாற்றுப் பாஸ் வாங்க மூன்று கவுண்டரில் நின்றேன். எப்படிக் கிழிந்தது என்று படிவத்தில் ஒரு கேள்வி இருந்தது. "சொந்தக் கத்தியால்" என்று எழுதினேன். நல்லவேளை, அதை யாரும் படிக்கவில்லை.

இரண்டாவது கத்தி வீட்டுக்காரரின் தயவு. நீ பார்த்து வாங்கியது போதும் என்று அவரே தேடிப் பிடித்து வந்தார். ராம்பூரி. இந்திப் படங்களில் வில்லன் பட்டனை அழுத்தியதும் ஒரு முழத்துக்குப் பாய்ந்து வருமே, அதுதான். உமாவுக்கு ஆனந்தம் தாங்கவில்லை. படத்தில் கேட்ட வசனங்களை இந்தியில் அடுக்கிக்கொண்டு சமையற்கட்டு முழுவதும் நடந்து காட்டினாள். இந்தியில் சாக்கூ என்கிறாயே, இதற்குத் தமிழில் என்னடி பெயர் என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "சாக்கூதான்" என்றாள்.

அதையும் ஒருநாள் பெட்டிக்குக் கொண்டுபோனேன். பீன்ஸை மடியில் பரப்பிக்கொண்டு பட்டனை அழுத்தினேன். சடக்கென்று வெளியே வந்த அலகைப் பார்த்து எதிரே உட்கார்ந்திருந்த மூன்று பெண்கள் எழுந்து நின்றுவிட்டார்கள். ஜன்னலோரம் காலியானது. அந்த வண்டியில் எனக்கு ஜன்னலோரம் கிடைத்தது அன்றுதான். ஆனால் அந்தக் கத்தியால் பீன்ஸ் நறுக்க முடியவில்லை. முனை பக்கத்தில் இருப்பவள் முழங்கையில் போய் இடித்தது. சுமன்தாயி அதை மடக்கச் சொல்லி, செய்தித்தாளில் சுற்றி, என் பையின் அடியில் அவளே வைத்தாள். காலைப் பேப்பரில் நம் படம் வருவதற்குள் வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பரணில் போட்டுவிடு என்றாள்.

4

கிழிந்த பையைத் தைக்க வேண்டியிருந்தது. ஒரு சனிக்கிழமை அரைநாள் வேலை முடிந்து, மாட்டுங்கா மார்க்கெட்டில் முருங்கைக்காய் வாங்கிக்கொண்டு, அப்படியே தாராவிக்குப் போனேன். அங்கே காதர் அண்ணாச்சி சொந்தமாகத் தோல் பைப் பட்டறை வைத்திருக்கிறார். மேலப்பாளையத்துக்காரர். என் வீட்டுக்காரருக்குப் பம்பாய் வந்த நாளிலிருந்து பழக்கம். பையைத் தலைகீழாகப் புரட்டிப் பார்த்தார்.

"பையில ஒரு கொறையும் இல்ல தங்கச்சி. உள்ள இருந்து ஏதோ கிழிச்சிருக்கு. என்னத்த வச்சிருந்திய?"

"கத்தி, அண்ணாச்சி."

"யாரு கூட சண்டை?"

"கொத்தவரங்காய் கூட."

சிரித்தார். பிறகு இரண்டு கத்தியின் கதையையும் பொறுமையாகக் கேட்டார். நாள் முழுக்கத் தோல் அறுக்கிறவர், கத்தியின் குணம் அவருக்குத் தெரியாதா? உள்ளங்கையை நீட்டச் சொல்லிப் பார்த்தார். அலகு மூன்று விரற்கடைக்கு மேல் வேண்டாம் என்றார். பிடி மரமாக இருந்தால் ஈரக் கையில் வழுக்காது. நகத்தால் நெம்பித் திறக்க அலகில் ஒரு கீறல் இருக்க வேண்டும்; அது கொஞ்சம் இறுக்கமாகத் திறந்தால் பைக்குள் தானாகத் திறக்காது.

"முனை குத்துறதுக்கு, விளிம்பு வெட்டுறதுக்கு. ஒங்களுக்குக் குத்துற சோலி கெடையாதுல்லா? முனை மழுங்கலா இருக்கதாப் பாத்து எடுங்க. ரயில்ல பக்கத்துல உக்காந்திருக்கவுகளுக்கும் நல்லது."

அவரே பக்கத்துச் சந்தில் இருந்த இரும்புச் சாமான் கடைக்குக் கூட்டிப்போனார். கடைக்கார சேட்டிடம் விவரத்தைச் சொல்லி நிறுத்திவிட்டு, வழியில் பார்த்த யாருடனோ பேச வெளியே போனார். சேட் ஆறு கத்திகளை வரிசையாக வைத்தார். முதல் கத்தியைத் திறந்து, என் பைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த முருங்கைக்காயைப் பார்த்து, "காட்டூம் க்யா?" என்றார்.

தாராவியில் கடை வைத்திருப்பவர், நம் பாஷையில் நாலு வார்த்தை பிடித்து வைத்திருக்கிறார் என்று எனக்குச் சந்தோஷம். "காட்டுங்க, காட்டுங்க" என்றேன். அவர் ஒரு முருங்கைக்காயை உருவி, பலகையில் வைத்து, மளமளவென்று நாலு துண்டு போட்டார். கத்தியைக் காட்டுகிற விதம் இதுவாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். இரண்டாவது கத்தியை எடுத்து மறுபடியும் அதே கேள்வி. எல்லாவற்றையும் காட்டச் சொன்னேன். ஆறாவது கத்தி முடிந்தபோது முருங்கைக்காய் முழுவதும் விரல் நீளத் துண்டுகளாகப் பலகையில் கிடந்தது. அண்ணாச்சி திரும்பி வந்து குவியலைப் பார்த்தார்.

"சாம்பாருக்கு வெட்டச் சொன்னியளா, தங்கச்சி?"

இந்தியில் காட்டூம் என்றால் 'வெட்டட்டுமா' என்று அர்த்தம். பம்பாய்க்கு வந்து ஆறேழு வருடத்துக்குப் பிறகு எனக்கு அன்றுதான் இது உறைத்தது. ஆனாலும் அந்தத் தவறால் ஒரு நன்மை. முருங்கைக்காயின் நாரை எந்தக் கத்தி பிய்த்தது, எது சுத்தமாக அறுத்தது என்று துண்டுகளே சொல்லிவிட்டன. நான்காவது கத்தி. மூன்று விரற்கடை அலகு, மழுங்கிய முனை, இரண்டு பித்தளை ஆணி அடித்த மரப்பிடி. பளபளப்பு கிடையாது. பார்த்தால் யாருக்கும் ஆசையும் வராது, பயமும் வராது. அன்று வீட்டில் சாம்பார் சீக்கிரம் ஆயிற்று.

கத்தி வாங்கப் போகிறவர்கள் முருங்கைக்காயோடு போகலாம் என்பது என் அனுபவம்.

5

அந்தக் கத்தியோடு நாலு வருடத்துக்கும் மேல் ஓடிவிட்டது. பிடி என் விரல்களுக்குத் தக்கபடி தேய்ந்தது. போன வருடம் மழைக்காலம் முடிந்த சமயம், நகரத்தில் எங்கேயோ ஏதோ பதற்றம் என்று பேச்சு. நான் நுழைகிற ஸ்டேஷன் வாசலில் பைச் சோதனை போட்டிருந்தார்கள். சுமன்தாயியும் மற்றவர்களும் பஸ் நிற்கும் பக்கமுள்ள வாசல் வழியாக வருகிறவர்கள், அங்கே சோதனை இல்லை. என் பையில் கையை விட்ட பெண் போலீஸ் கத்தியை எடுத்ததும் என்னை ஒருமுறை பார்த்தாள், கத்தியை ஒருமுறை பார்த்தாள். பிறகு காவல் அறைக்குக் கூட்டிப்போனாள்.

அங்கே மேஜைக்குப் பின்னால் வடக்கத்தி அதிகாரி ஒருவர் இருந்தார். அடர்ந்த மீசை, தூக்கமில்லாத கண். பதிவேட்டைத் திறந்து என் பெயரையும் கத்தியின் அளவையும் எழுதிக்கொண்டார். இதை எதற்காக வைத்திருக்கிறாய் என்று இந்தியில் கேட்டார். பயமாகத்தான் இருந்தது. ஆனால் பதில் தெரிந்த கேள்வி. கொத்தவரங்காய்க்குப் பம்பாயில் கவார் என்று பெயர்.

"ரோஜ் லேடீஸ் டப்பே மே கவார் காட்தீ ஹூம்," என்றேன்.

அவர் எழுதுவதை நிறுத்தினார். "கித்னே?" என்று கேட்டார்.

எவ்வளவு என்று கேட்கிறார் என நினைத்தேன். "ஆதா கிலோ, சார். சனிவார் கோ ஏக் கிலோ."

பெண் போலீஸ் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவள் தோள் குலுங்கியது. பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்து அதிகாரியிடம் விளக்கினாள். அவர் ஊர் இந்தியில் கவார் என்றால் பட்டிக்காட்டான். தினமும் ரயிலில் பட்டிக்காட்டான்களை வெட்டுகிறேன் என்று நான் வாக்குமூலம் கொடுத்திருக்கிறேன். எத்தனை பேர் என்று கேட்டதற்கு எடை சொல்லியிருக்கிறேன்.

அதிகாரி சிரிக்கவில்லை. காய் நறுக்கும் கத்தி என்று அவருக்கும் புரிந்துவிட்டது. ஆனால் பதிவேட்டில் ஏறிவிட்டது. ஏறியதை அடிக்க முடியாது என்றார். வெளியே ஆறே கால் வண்டி ஊதுவது கேட்டது. அது நகரும் சத்தமும் கேட்டது. எனக்கு அப்போதுதான் அழுகை வந்தது.

அந்தச் சமயம் வாசலில் சுமன்தாயியின் குரல். போலீஸ் என்னைக் கூட்டிப்போவதைப் பெட்டி வாசலில் நின்ற ஒருத்தி பார்த்துச் சொல்லியிருக்கிறாள். ஆறு பேர் வந்து நின்றார்கள். பம்பாயில் ஒருவருக்கு உடம்பு சரியில்லை என்றால் பார்க்க வருவார்கள், கல்யாணம் என்றால் பரிசு கொடுத்தனுப்புவார்கள். தன் வண்டியை விட்டுவிட்டு வருவது வேறு. ஏறி, இடம் பிடித்து, உட்கார்ந்துவிட்ட வண்டியிலிருந்து ஆறு பேர் இறங்கி வந்திருந்தார்கள்.

சுமன்தாயி பையைத் திறந்து தன் கத்தியை எடுத்து மேஜைமேல் வைத்தாள். அடுத்தவள் வைத்தாள். சிவப்புப் பிடி, கறுப்புப் பிடி, நூல் சுற்றிய பிடி என்று ஆறு கத்தி என் கத்திக்குப் பக்கத்தில் வரிசையாயிற்று.

"என் பேரை முதல்ல எழுதுங்க. தபால் ஆபீஸ், இருபத்தாறு வருஷ சர்வீஸ்," என்றாள் சுமன்தாயி இந்தியில்.

அதிகாரி மேஜையைப் பார்த்தார், பதிவேட்டில் மிச்சமிருந்த கோடுகளைப் பார்த்தார். மெல்லப் பதிவேட்டை மூடினார். எல்லோரும் கத்தியை எடுத்துக்கொண்டு போகலாம் என்றார். என்னுடையது மட்டும் எழுதியாகிவிட்டதால் பொருட்கிடங்குக்குப் போகும். மனு எழுதிக் கொடுத்து வாங்கிக்கொள்ள வேண்டும்.

பிளாட்பாரத்துக்கு வந்ததும், என்னால் உங்கள் வண்டி போய்விட்டதே என்று சுமன்தாயியிடம் ஏதோ சொல்ல ஆரம்பித்தேன்.

"வண்டி பத்து நிமிஷத்துக்கு ஒண்ணு வருது," என்றாள். பிறகு பெஞ்சில் உட்கார்ந்து பேப்பரை விரித்தாள்.

6

வீட்டில் நடந்ததைச் சொன்னேன். ராம்பூரியைக் கொண்டுபோயிருந்தால் இந்நேரம் ஜாமீனுக்கு அலைந்திருப்பேன் என்று வீட்டுக்காரர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். உமா வாயைத் திறந்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள்.

இங்கே உமாவின் தமிழைப் பற்றிச் சொல்ல வேண்டும். எனக்குள்ள பெரிய கவலை அதுதான். பேச்சில் பாதி இந்தி. தூக்கத்தில் உளறுவது முழுவதும் இந்தி. தமிழ் எழுத்தை ஒவ்வொன்றாகத் தொட்டுத் தொட்டுத்தான் படிப்பாள். ஒரு வரி முடிவதற்குள் வரியின் ஆரம்பம் மறந்துவிடும். ஊரிலிருந்து கடிதம் வந்தால் நான் படித்துச் சொல்ல வேண்டும். அதற்காக ஒரு சட்டம் போட்டிருந்தேன். ஞாயிற்றுக்கிழமை தோறும் முருகேசன் மாமாவுக்குத் தமிழில் நாலு வரி எழுத வேண்டும். எழுதி ஒட்டி அவளே தபால் பெட்டியில் போட்டுவிடுவாள். நான் திருத்தினால் கோபம் வரும் என்பதால் பார்ப்பதில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை எழுதியதையும் பார்க்கவில்லை. கத்தி என்று எழுத வேண்டிய இடத்தில் ஒரு 'த்' விட்டுப்போய்விட்டது. ஊருக்குப் போய்ச் சேர்ந்த கடிதத்தில் இருந்தது இதுதான்: "அம்மாவின் கதி போலீஸ் கையில் இருக்கிறது. அப்பா சிரிக்கிறார்."

ஐந்தாம் நாள் தம்பியின் தந்தி வந்தது. உமாவின் கடிதம் கண்டு உடனே புறப்படுகிறானாம். நான் ஆபீசிலிருந்து ஓடிப்போய்ப் பதில் தந்தி கொடுத்தேன். தந்தியில் சுருக்கமாக எழுத வேண்டுமே என்று "எல்லோரும் நலம். கத்தி மட்டும்தான்" என்ற பொருளில் ஆங்கிலத்தில் எழுதிவிட்டேன். அதைப் படித்ததும் வீட்டில் அம்மா மயங்கி உட்கார்ந்துவிட்டாளாம். துப்பாக்கி இல்லை, கத்திக்குத்து மட்டும்தான் என்று அர்த்தம் பண்ணிக்கொண்டார்கள். கடைசியில் ஊர்த் தபால் ஆபீசுக்கு டிரங்க் கால் போட்டு, தம்பியை வரவழைத்து, நடந்ததை முழுவதும் கத்திச் சொன்னேன். ஒரு மணி நேரம் காத்திருந்து கிடைத்த லைனில் முதல் நிமிடம் முழுவதும் அவன் அழுதான். அடுத்த நிமிடம் சிரித்தான். அதற்குள் லைன் போய்விட்டது.

உமாவைத் திட்டலாம் என்று வீட்டுக்கு வந்தேன். அப்பா சொல்லி விஷயம் அவளுக்குத் தெரிந்திருந்தது.

"ஒரு த்-தானே அம்மா விட்டுப்போச்சு. மாமா கெஸ் பண்ணியிருக்கலாம்ல," என்றாள். அவள் கண்ணில் பயம் இருந்தது. திட்டவில்லை. கத்தி, கதி, காது, கத்து என்று நாலு வார்த்தையையும் எழுதச் சொன்னேன். சரியாக எழுதினாள்.

7

கத்தியை மீட்கும் படலம் நீண்டுகொண்டே போனது. முதல் தடவை போனபோது மனு எங்கே என்றார் அதிகாரி. இரண்டாம் தடவை ஆபீசிலேயே ஆங்கிலத்தில் அழகாக டைப் செய்து கொண்டுபோனேன். ஆங்கில மனுவைப் பார்க்கிற எழுத்தர் லீவில் இருப்பதாகவும், இந்தியில் எழுதி வந்தால் தானே பார்த்து அனுப்பிவிடுவதாகவும் அதிகாரி சொன்னார். எனக்கு இந்தி எழுத்தில் கடைப் பலகை படிக்கும் அளவுக்குத்தான் ஞானம். இதற்கிடையில் பெட்டியில் எல்லோரும் முறைபோட்டு எனக்குக் கத்தி கொடுத்தார்கள். சுமன்தாயி அதைக் கண்டுகொள்ளாத மாதிரி ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள்.

"நான் எழுதறேன். இந்தில எனக்கு கிளாஸ்ல செகண்ட் மார்க்," என்று உமா முன்வந்தாள். கதவைச் சாத்திக்கொண்டு அரை மணி நேரம் எழுதினாள். கோடு போட்ட தாளில் ஒரு பக்கம். எனக்குப் படிக்கத் தெரியாததால் அழகாக இருக்கிறது என்று சொல்லி, கீழே தமிழில் கையெழுத்துப் போட்டேன். சனிக்கிழமை அவளுக்கு லீவு. தானும் வந்தே தீருவேன் என்றாள்.

அதிகாரி தாளை வாங்கிப் படித்தார். பாதியில் நிறுத்தி, மறுபடி மேலிருந்து படித்தார். மீசைக்குக் கீழே ஏதோ அசைந்தது. பெண் போலீஸைக் கூப்பிட்டு உரக்கப் படித்துக் காட்டினார். அதற்குப் பிறகுதான் அதில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரிந்தது. பள்ளிக்கூடத்தில் உமாவுக்கு இந்தியில் ஒரே ஒரு கடிதம்தான் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். லீவு லெட்டர்.

"மதிப்புக்குரிய ஐயா, பணிவான விண்ணப்பம். என் அம்மாவின் கத்தி பத்தொன்பது நாட்களாகத் தவறாமல் தங்களிடம் வந்து இருக்கிறது. வீட்டில் அவசர வேலை இருப்பதால் இன்று முதல் அதற்கு விடுமுறை அளிக்குமாறு மிகவும் தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன். இப்படிக்கு, தங்கள் கீழ்ப்படிந்துள்ள மாணவி, உமா."

அவர் உமாவை அருகில் அழைத்து என்ன வகுப்பு என்று கேட்டார். அவர்கள் இருவரும் இந்தியில் பேசிக்கொண்டே போனார்கள். உமா கையை ஆட்டி ஆட்டிப் பேசினாள். வீட்டில் என்னோடு அவள் அத்தனை சரளமாகப் பேசி நான் பார்த்ததில்லை. எனக்குப் பாதிதான் புரிந்தது. மீதியைப் பெண் போலீஸ் மெதுவாகச் சொன்னாள். அதிகாரிக்கு ஊரில் இதே வயதில் ஒரு பெண் இருக்கிறாள். மாதம் ஒரு கடிதம் எழுதுவாள். அவளுக்கும் பள்ளிக்கூடத்தில் இதையேதான் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள்; அப்பாவுக்கு எழுதும் கடிதத்தையும் 'தங்கள் கீழ்ப்படிந்துள்ள மாணவி' என்றே முடிப்பாளாம். இரண்டு மாதமாக அவளிடமிருந்து கடிதம் வரவில்லை.

கிடங்கிலிருந்து கத்தி வந்தது. துணியில் சுற்றி அரக்கு வைத்திருந்தார்கள். அதிகாரி அரக்கை உடைத்து, கத்தியைத் திறந்து பார்த்துவிட்டு மடக்கி, பிடி என் பக்கம் இருக்கும்படி நீட்டினார். பிறகு உமாவிடம் ஒரு வெள்ளைத்தாளையும் தன் பேனாவையும் கொடுத்தார். கோப்புக்கு ஒரு மனு வேண்டும், இன்னொரு பிரதி எழுது என்றார். முதல் தாளை நாலாக மடித்துத் தன் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

பெண் போலீஸ் எனக்கு ஒரு நாற்காலி இழுத்துப் போட்டாள். உமா மேஜை ஓரத்தில் நின்றபடியே எழுதினாள். இதில் மனு என்று சரியாக எழுதட்டுமா, லீவு லெட்டர் மாதிரியே எழுதட்டுமா என்று கேட்டாள். முன்பு எழுதியபடியே எழுதச் சொன்னார் அவர். ஒவ்வொரு வார்த்தை முடிந்ததும் அவள் எழுத்துகளின் தலைக்கு மேல் நீளமாக ஒரு கோடு இழுப்பதை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். முடித்ததும் தாளை என் பக்கம் திருப்பினாள்.

"அம்மா, இங்க உன் பேரு."

சந்திரா என்று தமிழில் எழுதினேன். அவர் அதைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார். இது எந்த எழுத்து என்று உமாவிடம் கேட்டார். அவள் ஒவ்வொரு எழுத்தாக விரல் வைத்து, ஒன்றையும் விடாமல் படித்துக் காட்டினாள். அவர் முத்திரை குத்தினார்.